ஐந்து தசம் ஒன்று

பெட்டி சின்னன்.
மோட்டார்சைக்கிளின் பின் சீற்றில் வைத்து
ரப்பர் நாடாவால் இழுத்துக் கட்டினால் போதும்.
கரடிப்போக்குச் சந்தியிலிருந்து விசுவமடு வரைக்கும்
எந்தக் குழிக்கும் அசையாது,
ரெஜிபோமுக்குள் ஆறு பேரும் ஆழ்ந்த நித்திரை.

கடையில் நான் ஒப்புவிக்கிற பாடம் இது:
கைக்குள் அடங்கும் ஐந்து.
நடுவில் நிற்பது பேச்சுக்கு,
இடமும் வலமும் பாட்டுக்கு,
பின்னால் இரண்டு,
மழைக்கும் குருவிக்கும்
கதாநாயகனைத் துரத்துகிறவனின் காலடிக்கும்.
தசத்துக்குப் பிறகு வருகிற அந்த ஒன்று
நிலத்தில் குந்தியிருக்கும்,
அதை நெஞ்சாங்கூட்டால் கேட்க வேணும்.
புளூடூத் உண்டு, பென்டிரைவ் ஏறும்,
கரண்ட் கூடிக் குறைந்தாலும் தாங்கும்,
ஒரு வருட வாரண்டி.
மாதம் நாலாயிரத்து இருநூறு.

கையேட்டில் ஒரு படம்.
நடுவில் சின்ன வட்டம், அதுதான் கேட்கிற ஆளின் தலை.
தலையிலிருந்து ஐந்து புள்ளிக்கோடுகள்.
பின் ஸ்பீக்கருக்கு நூற்றுப் பத்துப் பாகை என்று
துல்லியமாகப் போட்டிருக்கிறார்கள்.
அந்தத் தலை எந்த ஊர் என்று போடவில்லை.

நாலு வருடத்தில் நூற்றுப் பதினேழு வீடு.
படத்தில் உள்ளபடி பூட்டியது பதினொன்று.
மற்ற வீடுகளில்
"தம்பி, பின்னுக்கு வேண்டாம்."
வயர் காலில் தட்டும் என்பார்கள்.
பின்சுவரில் சாமிப்படம் என்பார்கள்.
பிள்ளை இழுத்து விழுத்தும் என்பார்கள்,
பிள்ளை இல்லாத வீட்டிலும்.
ஐந்தையும் ரீவிக்குக் கீழே ஒரே வரிசையில் வைப்பேன்.
காலைப் பிரார்த்தனைக்கு நிற்கிற வகுப்பு மாதிரி அவை நிற்க
கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளிக்கிடுவேன்.

ஒட்டுசுட்டானில் சின்னராசா அண்ணை
வூஃபர் மட்டும் தனியாக வருமா என்று கேட்டார்.
யானைவெடி விலை ஏறிவிட்டதாம்.
பிறகு வயலில் வைத்தும் பார்த்திருக்கிறார்.
யானை வந்து, நின்று, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு
அடுத்த பாத்திக்குள் இறங்கியதாம்.

றிமோட்டில் 'டெஸ்ட்' அமத்தினால்
ஓர் இரைச்சல் அறையைச் சுற்றி நடக்கும்.
முன் இடம். நடு. முன் வலம்.
பின் வலத்துக்கு வருகிறபோது
கம்பனி ஆட்கள் பயிற்சியில் சொன்னது:
'வாடிக்கையாளர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.'
இங்கே ஒருவரும் திரும்புவதில்லை.
கழுத்து தோளுக்குள் இறங்கும்.
ஒரு கை, பக்கத்தில் இருப்பவரின் உச்சந்தலையில்
தானாகப் போய் இருக்கும்.
நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு
வயர் சுற்றுவது போல் குனிந்துகொள்வேன்.

இன்றைக்கு விசுவமடு, தவயோகினி அக்கா.
தையல் ஆலையில் ஓவர்டைம் செய்த காசு.
சீற்றுக் கூரை, பத்துக்குப் பன்னிரண்டு அறை,
ஒரேயொரு பிளாஸ்டிக் கதிரை.
அதைத் தானே நடுவில் இழுத்துப் போட்டு,
"பின்னுக்கும் வையுங்கோ" என்றா.
டெஸ்ட் போட்டேன்.
"வலப்பக்கம் ரெண்டும் வேலை செய்யேல்லை."
கழற்றினேன், பூட்டினேன், வயர் மாற்றினேன்,
காதை வைத்துப் பார்த்தேன். நல்லாய் இரைந்தது.
அக்கா எழும்பி வந்து
பின் வல ஸ்பீக்கரின் வலையில் உள்ளங்கையை வைத்தா.
மாட்டின் வயிற்றில் கன்று அசைகிறதா என்று பார்க்கிற மாதிரி
கொஞ்ச நேரம்.
"ஓடுது. என்ர காதுதான்."
எந்தக் காலத்துக் காது என்று நான் கேட்கவில்லை.
"எல்லாத்தையும் இடப்பக்கம் மாத்திவிடட்டா அக்கா?"
"ஏன்? அஞ்சுக்கும்தானே காசு கட்டுறன்.
அஞ்சும் தங்கட தங்கட இடத்தில நிக்கட்டும்."

கூரைச் சீற் வூஃபருக்குக் கிறுகிறுத்தது.
ஆணி அடிக்க வேணும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரவு கடைக் கொப்பியில்
படத்தில் உள்ளபடி: பன்னிரண்டு என்று திருத்தினேன்.
என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.
அதை எந்தக் கணக்கிலும்
நான் இன்னும் எழுதவில்லை.